ஏழு அறை கொண்ட கர்ப்பப்பை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டார். ஊக்கம் என் கடையில் கிடைக்காத சரக்கு. சந்தேகம் வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மகப்பேறு மருத்துவராக அரசு வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அதைத்தான் சேர்த்து வைத்தேன். மாணவர்கள் எனக்குப் ‘போலீஸ் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நீங்கள் பிரசவ வார்டிலும் ஸ்கேன் அறையிலும் வேலை செய்யப் போகிறவர்கள். கருவியை எப்படிப் பிடிப்பது, எந்த வாரத்தில் எதை அளப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒரு படத்தைப் பற்றி. அந்தப் படத்தை வைத்து, வயிற்றிலிருந்த ஒரு குழந்தையின் தலையெழுத்தை எழுதப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்தேன். என்ன செய்தேன், எதைக் கோட்டை விட்டேன் என்று சொல்கிறேன். அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

கர்ப்பப்பை பற்றிய முதல் வகுப்பில் நான் பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். ஐரோப்பாவில் பல நூறு வருடங்களுக்கு முன்னால் வரைந்த படங்களைத் திரையில் போடுவேன். ஒன்றில் கர்ப்பப்பை கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது குழந்தையே இல்லை, மீசை மட்டும் முளைக்காத ஒரு சின்ன ஆள். கைகளை விரித்துக்கொண்டு ஆட்டம் போட்டுக்கொண்டிருப்பான். இன்னொன்றில் ஒரு பெண் புல்வெளியில் நின்றபடி தன் வயிற்றைத் தானே இதழ் இதழாகப் பிரித்துக் காட்டுவாள். முகத்தில் வலியின் சாயலே இருக்காது. பிற்காலத்துப் படங்கள் அப்படியல்ல, அச்சு அசலாக இருக்கும். நிறைமாத வயிறு, தலைகீழாகத் திரும்பிய குழந்தை, அதன் தலைமுடியைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் தொடைகளைக் கசாப்புக் கடையில் வெட்டி வைத்தது போல வெட்டியிருப்பார்கள். அவளுக்கு முகமே இருக்காது.

பிள்ளைகள் வாயைப் பிளந்து, “என்னமா வரைஞ்சிருக்காங்க மேடம்” என்பார்கள். நான் கேட்பேன்: இவள் யார்? நிறைமாதத்தில் எப்படிச் செத்தாள்? ஒருத்தி இரண்டு பேர் அல்ல, இத்தனை கர்ப்பிணிகள் எப்படி அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்? எனக்கும் பதில் தெரியாது. கேட்பாரற்ற ஏழைகளாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

அடுத்தது ஏழு அறைப் படம். ஒரு பெண் நம்மைப் பார்த்து நிற்பாள். அவள் வயிற்றில் கர்ப்பப்பையை ஏழு அறைகளாகப் பிரித்து வரைந்திருப்பார்கள். வலப்பக்கம் உள்ள மூன்று அறையில் ஆண் குழந்தை வளரும், இடப்பக்கம் உள்ள மூன்றில் பெண் குழந்தை வளரும், நடு அறையில் இரண்டும் கலந்த பிறவி வளரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மனுஷியின் கர்ப்பப்பையில் இருப்பது ஒரே அறை. ஒரு வயிற்றைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனாலும் முன்னோர் எழுதி வைத்ததை நம்பி, ஏழு ஏழு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். நம் ஊரிலும் வயிறு வலப்பக்கம் சாய்ந்தால் பையன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களையும் சேர்த்துச் சிரியுங்கள் என்பேன்.

ஒரு வருடம் அப்படிச் சிரிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். “வலதுன்னா யாரோட வலதுங்க மேடம்? படத்துல நிக்கறவங்களுதா, பாக்கற நம்முளுதா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் தொழிலில் வலது என்றால் எப்போதுமே நோயாளியின் வலது, அது நம் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும், இதை மறந்தவன் நல்ல சிறுநீரகத்தை அறுத்து எடுத்துவிடுவான் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். கெட்டிக்காரப் பையன். பிற்பாடு ஸ்கேன் படித்து, உடுமலைப்பேட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு ஸ்கேன் சென்டர் வைத்தான்.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள். சொல்லாமல் சொல்ல ஆயிரம் வழி. ஒருவர் இனிப்பு வாங்கிட்டுப் போங்க என்பார். இன்னொருவர் பேனாவின் நிறத்தை மாற்றுவார். நான் ஸ்கேன் சென்டர்களைக் கண்காணிக்கும் அரசுக் குழுவில் இருந்தபோது என் பழைய மாணவனின் சென்டர்மேல் புகார் வந்தது. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. டாக்டர் வாயையே திறப்பதில்லை, காகிதமெல்லாம் சுத்தம் என்று சொன்னார்கள். அவ்வளவு சுத்தம் என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

அவன் என் மாணவன், நான் வருவது சரியாக இருக்குமா என்று குழுவின் தலைமை அதிகாரியிடம் முதலிலேயே கேட்டேன். “அப்ப நீங்க வர்றதுதானுங்க மேடம் நல்லது. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டாரு” என்றார். அவருக்கு வாத்தியார் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொண்டேன். நம்மிடம்தான் கூச்சமே இல்லாமல் பொய் சொல்வார்கள்.

அரசு ஜீப் கிளம்புவதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்பது என் நெடுநாள் சந்தேகம். அதனால், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினேன். முகக்கவசம் போடுவது வழக்கமாக இருந்த நேரம். அதைப் போட்டுக்கொண்டு, முக்காட்டையும் இழுத்துவிட்டுக்கொண்டு, மகளுக்காகக் காத்திருக்கும் அம்மாவாக அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியார் பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிற ரகம்.

“ஏனுங்க, நீங்க எந்தூருங்க?”

“கோயமுத்தூருங்க. மக உள்ள இருக்கறா” என்றேன். எனக்கு மகளே கிடையாது.

“நாங்க சூலூருங்க. என்ற பேரு துளசிமணி. என்ற பையன் தறி ஓட்டறானுங்க. இது என்ற மருமவ, கோகிலா. மூத்தது ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. அதுக்கென்னங்க பண்றது, மகாலட்சுமிக ஊடு தேடி வந்திருக்கறாங்கன்னு நெனச்சுக்கோணும்.”

யாரும் கேட்காமலேயே மகாலட்சுமியை இழுத்தார். எனக்கு மூக்கு வேர்த்தது.

“சூலூர்ல ஸ்கேன் சென்டர் இல்லீங்களா?”

“இருக்குதுங்க. இந்த டாக்டரு கைராசிக்காரருன்னு சொன்னாங்க.”

ஆபரேஷனுக்குக் கைராசி பார்ப்பார்கள், பிரசவத்துக்குப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பதை எட்டிப் பார்ப்பதற்குக் கைராசி எதற்கு? இதை மனசுக்குள் கேட்டுக்கொண்டே கோகிலாவைப் பார்த்தேன். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அந்தப் பெண் எங்கள் பேச்சில் கலக்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

அவர்களை உள்ளே கூப்பிட்ட பிறகுதான் எதிர்ச் சுவரைக் கவனித்தேன். மூன்று படங்கள் மாட்டியிருந்தன. ஆட்டம் போடும் சின்ன ஆள், வயிற்றைப் பிரித்துக் காட்டும் பெண், ஏழு அறைக் கர்ப்பப்பை. என் வகுப்பேதான். நம் பாடம் ஒருவன் மனசில் இத்தனை வருடம் தங்கியிருக்கிறதே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான்.

கோட்டைமேட்டில் என்னைப் பெற்ற அத்தா படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் விளையாடி வளர்ந்ததால், படத்தை விட்டுவிட்டு முதலில் கண்ணாடியைப் பார்ப்பது என் பழக்கம். முதல் இரண்டு படங்களையும் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தார்கள், கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. மூன்றாவது நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதன் கண்ணாடியில் வலது அறைகளின் மேலும் இடது அறைகளின் மேலும் விரல் பட்டுப் பட்டுப் பிசுக்கேறியிருந்தது. நடு அறையின் மேல் ஒரு கறையும் இல்லை. அழகுக்கு மாட்டிய படத்தை ஏன் ஆள் மாற்றி ஆள் தொட வேண்டும்? தொடுகிறவர்கள் ஏன் நடுவை மட்டும் விட்டுவிட வேண்டும்?

கதவு திறந்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கூடவே ஒரு நர்ஸ். நேராக அந்தப் படத்தருகே கூட்டிப்போய், “இது பழைய காலத்துப் படமுங்க. கர்ப்பப்பை எப்படி இருக்குதுன்னு பாத்துக்கோங்க” என்று சொல்லி, படத்தில் நம் கண்ணுக்கு இடப்பக்கமாகத் தெரியும் அறைமேல் விரலை வைத்தார். வைத்து, எடுத்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை; வலது பையன், இடது பெண் என்ற கணக்கை இங்கே அனுப்பி வைத்தவர்களே சொல்லியிருப்பார்கள். துளசிமணியின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. கோகிலா படத்தைப் பார்க்கவே இல்லை, மாமியாரின் முகத்தைத்தான் பார்த்தாள். அதிலேயே அவளுக்குச் சேதி கிடைத்துவிட்டது.

அவர்கள் வெளியே போகவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. நான் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன். டாக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் ஒரு நொடி வெளிறினான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனுங்களே.”

“இந்தப் படம் எதுக்கு மாட்டியிருக்கறே?”

“நீங்க கிளாஸ்ல காட்டுனதுதானுங்க மேடம். உங்க ஞாபகமா மாட்டுனேன்.”

வந்த கோபத்துக்கு அந்தப் படத்தைக் கழற்றி அவன் தலையிலேயே போட்டிருப்பேன். தப்பு என்று சொல்லிச் சிரிப்பதற்காகக் காட்டிய படத்தை, அந்தத் தப்பையே மூலதனமாக்கித் தொழில் நடத்திக்கொண்டிருந்தான். பார்த்ததை அதிகாரியிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். “ஒரு படத்தத் தொட்டுக் காட்டுனதுக்கு எப்படிங்க மேடம் சீல் வெக்கறது? நீங்க இங்கயே இருங்க. நீங்க பாத்தத எழுதிக் கையெழுத்துப் போடோணும். அந்தக் கண்ணாடியப் போட்டோ எடுக்கோணும். சாட்சி நீங்க ஒருத்தர்தான்” என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ப்புறத்துப் பேக்கரி தெரிந்தது. துளசிமணி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மகன் காரை எங்கோ நிழலில் நிறுத்தப் போயிருக்க வேண்டும். கார் வந்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சென்டரில் விரல் காட்டுகிறவர்களுக்கு, அடுத்த காரியமான கருக்கலைப்பை முடித்துக் கொடுக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கும்.

நான் அதிகாரியிடம், “நீங்க இந்தப் படத்துக்குக் காவலா நில்லுங்க. யாரும் துணி போட்டுத் துடைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பின்னாலிருந்து டாக்டர், “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம்” என்றான், எனக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி. அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்காக நான் போகவில்லை.

பேக்கரி வாசலை நெருங்கும்போது துளசிமணியின் குரல் காதில் விழுந்தது. “தம்பி, சட்டுனு வண்டியக் கொண்டா. போற வழியிலயே அந்த ஆஸ்பத்திரிக்குப் போயி முடிச்சுப்போட்டுப் போயிரலாம்.” கோகிலா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

“நான் கவர்மெண்ட் டாக்டருங்க. ஸ்கேன் சென்டர சோதனை போட வந்திருக்கறோம்” என்றேன்.

துளசிமணி போனைச் சட்டென்று இடுப்பில் செருகினார். “மகளுக்காக உக்காந்திருக்கறேன்னீங்க?” என்று கேட்டுவிட்டு, “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கொழந்த நல்லாருக்குதான்னு பாக்க வந்தமுங்க” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது.

“நல்லாருக்குதுங்களா?”

“நல்லாருக்குதுன்னாங்க.”

“அப்பறம் ஏனுங்க மொகம் இப்படி இருக்குது?”

எனக்கு நேரம் இல்லை. பெண் குழந்தையும் குழந்தைதான் என்று பிரசங்கம் செய்யலாம். வேலையில் இருந்த காலம் முழுக்கச் செய்து பார்த்திருக்கிறேன், எல்லோரும் பக்தியாகத் தலையாட்டிவிட்டு நினைத்ததைச் செய்வார்கள். சட்டத்தைச் சொல்லி மிரட்டலாம். மிரண்டால் இன்று போவதற்குப் பதிலாக நாளைக்குப் போவார்கள், அவ்வளவுதான். இந்த அம்மாளை அசைக்க முடியாமல் செய்துகொண்டிருந்தது பயமோ இரக்கமின்மையோ அல்ல. படம் சொன்னதைத் துளியும் சந்தேகிக்காத நம்பிக்கை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்.

“கொஞ்சம் எந்திரிச்சு வாங்க. கோகிலா, நீ அத்தைக்கு எதிர வந்து நில்லு கண்ணு. ரெண்டு பேரும் சோத்துக் கையத் தூக்குங்க.”

பேக்கரிக்காரர் பஃப்ஸ் எடுத்த கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் தயங்கித் தயங்கி வலது கையைத் தூக்கினார்கள்.

“உங்களுக்கு எதிர நிக்கறாளே, இவளோட சோத்துக் கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்குதுங்க?”

துளசிமணி பார்த்தார். தன் கையைப் பார்த்தார், மருமகளின் கையைப் பார்த்தார். “பீச்சாங்கைப் பக்கமுங்க.”

“அந்தப் படத்துல நிக்கறவளும் உங்களப் பாத்துத்தானுங்க நிக்கறா.”

தூக்கிய கையை இறக்காமலேயே நின்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “அப்ப… பையனுங்களா?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. என் மாணவன் வலது என்றால் படத்துப் பெண்ணின் வலது என்றுதான் நினைத்திருப்பான், அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அவன் மனசிலிருந்து நர்ஸின் விரலுக்கு வருவதற்குள் வலதும் இடதும் மாறியிருக்காது என்று யார் கண்டது? எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “அந்த சிஸ்டர் எத நெனச்சு வெரல வெச்சுச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் படமே தப்புங்க. வயித்துக்குள்ள ஏழு அறையெல்லாம் கெடையாது. பையன்னும் நான் சொல்லுல, பொண்ணுன்னும் சொல்லுல. தெரியாத ஒண்ணுக்கு ஒரு உசுர எடுத்துப்போடாதீங்க.”

நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஏறியது, எந்தப் பாதி என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் விளக்கிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் விளக்கவில்லை. ஆண் பிள்ளை ஆசைக்கு நீங்களும் துணை போனீர்களா என்று கேட்பீர்கள். ஆமாம், அன்றைக்குப் போனேன். அந்தப் பெண்ணை முதலில் காரிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

போகிறபோக்கில் ஒரு மிரட்டலையும் போட்டு வைத்தேன். இனி எந்த சென்டருக்குப் போனாலும் எனக்குச் சேதி வந்துவிடும், ஊர் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டே இருப்பார், பிரசவம் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் என்று சொன்னேன். முதலில் சொன்னது சுத்தப் பொய். மற்ற இரண்டையும் நடத்திக் காட்டினேன். கார் வந்தது. துளசிமணி கதவைத் திறந்துகொண்டே, “தம்பி, நேரா ஊட்டுக்கே போயிரலாம்” என்று சொல்வதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தால் வராந்தாவில் அதிகாரியைக் காணவில்லை. டாக்டரின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்று படங்களின் கண்ணாடியும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. “சித்த நேரந்தானுங்க மேடம் உள்ள வந்தேன்” என்று அதிகாரி நெளிந்தார். அவர் டீக்கு ஆசைப்பட்டாரா, வேறெதற்குமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் எழுதிக் கொடுத்ததை வைத்து இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். ஆதாரம் போதாது என்று பிறகு எடுத்துவிட்டார்கள். சென்டர் இப்போதும் நடக்கிறது. படங்கள் இல்லையாம், அந்த இடத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறார்களாம். அந்த மீன் தொட்டிமேலும் எனக்குச் சந்தேகம்தான்.

“நீங்க எடத்த உட்டு நகராம இருந்திருந்தா கேஸ் நின்னிருக்குமுங்க மேடம்” என்று அதிகாரி பிறகு சொன்னார். உண்மை. கேஸ் நின்றிருந்தால் இன்னும் எத்தனையோ கோகிலாக்கள் தப்பித்திருப்பார்கள் என்பதும் உண்மை. இதை நினைத்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. ஆனால் மறுபடி அதே வராந்தாவில் என்னை நிறுத்தினாலும் பேக்கரிக்குத்தான் போவேன். எதிரில் நிற்கிற ஒருத்தியை விட்டுவிட்டு, இனிமேல் வரப்போகிற நூறு பேருக்காகக் காவல் நிற்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதுவும் தேவைதான்.

கோகிலாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் ஆனது. சுகப்பிரசவம், ஆண் குழந்தை. துளசிமணி இனிப்புப் பெட்டியோடு வார்டு முழுக்கச் சுற்றி வந்தார். “டாக்டரம்மா வாக்குப் பலிச்சிருச்சுங்க” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று மறுத்ததை யாரும் கேட்பதாக இல்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது அவரிடம் அந்த ஆரவாரம் இல்லை. கோகிலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் குழந்தையைப் பார்த்துவிட்டு நகரும்போது என் கையைப் பிடித்தார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“கேளுங்க.”

“போன வருசமும் அங்கதானுங்க போனோம். அதே படந்தான். அதே பக்கந்தானுங்க காட்டுனாங்க.” பிடித்த கையை விடவில்லை. “போற வழியில முடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டோம். அப்ப அது… பையனுங்களா?”

எனக்கு முதலில் வந்தது கோபம். பெண் என்று நினைத்துப் போனபோது கலங்காத கண், பையனாக இருந்திருக்குமோ என்றதும் கலங்குகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“தெரியாதுங்க” என்றேன்.

“அந்த சிஸ்டருகிட்டக் கேட்டு, அன்னைக்கி எந்தப் பக்கம் நெனச்சுக் காட்டுச்சுன்னு மட்டும் சொல்ல முடியுமுங்களா? உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகுமுங்க.”

“அத்தை.”

கட்டிலிலிருந்து கோகிலாவின் குரல். அந்தப் பெண் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“அது எந்தப் பக்கத்துல இருந்தா என்னங்க அத்தை. என்ற வயித்துலதான இருந்துச்சு.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. இரண்டு பேரில் ஒருவரும் கையை நீட்டவில்லை, நான்தான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.